ஒரு நிமிட எக்ஸ்ரேயும் ஆறடிக் கணவரும்

நான் ஓய்வு பெற்ற அன்று எங்கள் ஆஸ்பத்திரியில் நடந்த கூட்டத்தில் என்னைப் பற்றி ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்த வந்த ஒரு கர்ப்பிணியின் வயிற்றை நான் ஈயப் போர்வையால் மூடி, எக்ஸ்ரே கதிரிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றினேனாம். கடைசியாகப் பேசியவர் போர்வையை இரண்டாக்கிவிட்டார். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த நான் மறுத்துப் பேசவில்லை. மேசையில் சமோசா ஆறிக்கொண்டிருந்தது.

இப்போது பேசித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது ஈயக் கவசம் போடும் வழக்கத்தை விட்டுவிடலாம் என்று புது வழிமுறை வந்திருக்கிறது. எங்கள் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் இளையவர்கள் கொதிக்கிறார்கள். "அக்கா போர்வை போட்டுத்தானே அந்தப் புள்ளைய காப்பாத்துனாங்க? அவங்களையே கேளுங்க" என்று ஒருத்தி எழுதியதிலிருந்து ஆளாளுக்கு என்னை போனில் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வெட்கப்படுவதைவிட ஒரே தடவை எழுதி வெட்கப்பட்டுவிடலாம் என்று தோன்றியது.

நான் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்தவள். அப்பா பொதுப்பணித் துறை வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவர். நான் பிறந்தது புரோத்ராபூரில். மெயின்லேண்டில் இரண்டு வருடம் டிப்ளமா படித்தேன், விடுதிச் சாப்பாட்டில் இளைத்தேன், திரும்பி வந்து வேலையில் சேர்ந்தேன். முதல் பதினைந்து வருடங்களில் நான் உருப்படியாகக் கற்றது, இந்தத் தீவு மழையில் பிலிமைப் பூஞ்சை பிடிக்காமல் காயவைக்கும் வித்தை ஒன்றைத்தான். அதில் நான் தேர்ச்சி பெற்ற சமயம் பிலிமே வேண்டாமென்று ஆகிவிட்டது.

அப்புறம் சி-ஆர்ம் வந்தது. ஆங்கில எழுத்து சி போல வளைந்த இரும்புக் கை அது. ஒரு முனை மேசைக்கு அடியிலிருந்து கதிரை மேலே அனுப்பும். மறு முனை நோயாளியின் நெஞ்சுக்கு மேலே நின்று அதை வாங்கித் திரையில் படமாகக் காட்டும். தரையில் ஒரு பெடல் உண்டு. அதை மிதித்திருக்கும் வரை கதிர் ஓடும், இதயம் திரையில் துடிப்பது தெரியும். காலை எடுத்தால் கதிர் நின்றுவிடும், கடைசிப் படம் மட்டும் திரையில் அப்படியே இருக்கும். அந்த நின்ற படத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம், யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை.

இந்த எளிய உண்மையை எங்கள் இதய டாக்டர் கோஷுக்குப் புரியவைக்க நான் எட்டு வருடம் முயன்றேன். அவரைப் போல மரியாதையான மனிதரை நான் பார்த்ததில்லை. ஊசி போடும் முன் நோயாளியிடம் மன்னிப்புக் கேட்பார். இரத்தக் குழாய்க்குள் கம்பி போகாமல் முரண்டு பிடித்தால் கம்பியிடமே "ப்ளீஸ், பேட்டா, ப்ளீஸ்" என்று பெற்ற பிள்ளையிடம் போலக் கெஞ்சுவார். என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எப்போதும் தீதி, அதாவது அக்காதான். ஆனால் அவர் வாயில் இருந்த பொறுமையில் கால்வாசி கூட அவர் காலில் கிடையாது. பெடலில் வைத்த காலை எடுக்கவே மாட்டார். அவர் பழகிய காலத்து இயந்திரத்தில் காலை எடுத்தால் படம் அணைந்துவிடுமாம். அந்தப் பயம் பாதத்திலேயே தங்கிவிட்டது. நர்ஸிடம் நூல் கேட்கும்போதும் மிதிப்பார். தன் ஊர்ப் பக்கத்து மாம்பழத்தைப் பற்றிச் சொல்லும்போதும் மிதிப்பார். "சார், மாம்பழத்துக்கு எக்ஸ்ரே வேண்டாம்" என்று நான் சொன்னால் "ஸாரி தீதி" என்று காலைத் தூக்குவார், மாம்பழத்தில் சாறு வடியும் கட்டம் வந்ததும் கால் தானாக இறங்கிவிடும்.

இப்படிப்பட்ட காலிடம்தான் ரஹ்மத் வந்து சேர்ந்தாள்.

டாலிகஞ்சில் குடியிருப்பு, பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த காதர் பாயின் மனைவி. பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். வயிற்றில் ஆறு மாதம். காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே மயங்கி விழுந்திருக்கிறாள். இரண்டாவது தடவை வீட்டில் விழுந்தாள். கொண்டுவந்து பார்த்தால் நாடி முப்பத்து நாலு. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போக வேண்டிய மின் செய்தி போகவே இல்லை. மூன்றாவது மயக்கத்திலிருந்து அவள் எழுந்திருப்பாள் என்று சொல்ல முடியாது, அவள் எழுந்திருக்காவிட்டால் பிள்ளையும் இல்லை என்று டாக்டர் சொன்னார். சென்னைக்கு அனுப்பலாமென்றால் மழையில் மூன்று நாளாக விமானம் இறங்கவில்லை. இறங்கினாலும் அந்த நாடியோடு அவளை வானத்தில் ஏற்ற டாக்டர் சம்மதிக்கவில்லை.

ரஹ்மத் ஒரே பிடியாக நின்றாள். "புள்ள பொறந்தப்புறம் வச்சுக்கிறேன் அக்கா. ரெண்டு போயிருச்சு. இது ஒண்ணுதான் தங்கியிருக்கு. எக்ஸ்ரே மட்டும் வேணாம்."

நான் அவள் கட்டிலில் உட்கார்ந்து விளக்கினேன். கதிர் நெஞ்சுக்குத்தான் போகும், வயிற்றில் நேராகப் படாது. அவள் உடம்புக்குள்ளேயே சிதறி ஓடுவதில் கொஞ்சம் பிள்ளை வரை போகும், நாம் நேரத்தைக் குறைத்தால் அதுவும் குறையும். அதோடு ஆறு மாதத்தில் கை, கால், விரல் எல்லாம் உருவாகி முடிந்திருக்கும். எல்லாவற்றையும் அவள் கேட்டாள், முகம் மாறவில்லை. பக்கத்தில் நின்ற காதர் பாய்க்கு மட்டும் 'நேரத்தைக் குறைத்தால்' என்ற இடத்தில் காது நிமிர்ந்தது. குறைப்பு என்ற சொல் அவருடைய துறையைச் சேர்ந்தது.

"எத்தனை நிமிஷம் சார் ஆகும்?" என்று டாக்டரைக் கேட்டார்.

டாக்டர் கோஷுக்குப் பொய் வராது. "ஆட் தஸ் மினிட் லக்தா ஹை. எட்டு, பத்து."

"அது ஊருக்குச் சொல்ற ரேட்டு. நமக்கு என்ன?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான், "மூணு நிமிஷத்துல முடிக்கலாம்" என்றேன்.

"ஒண்ணு."

"பாய், இது லுங்கி இல்ல."

"லுங்கியா இருந்தா நான் அரைன்னு சொல்லியிருப்பேன் மேடம்."

"ஒரு நிமிஷம் இம்பாசிபிள்" என்றார் டாக்டர், மிகுந்த வருத்தத்தோடு. உடனே காதர் பாய் பஜாரில் எல்லோரும் செய்வதைச் செய்தார். பேச்சை நிறுத்திவிட்டு மெதுவாகத் திரும்பி வாசலைப் பார்த்து நடந்தார். கதவருகே போனதும் நடை இன்னும் மெதுவானது.

"அவரைக் கூப்பிடாதீங்க அக்கா" என்றாள் ரஹ்மத். "யாராச்சும் கூப்பிடுற வரைக்கும் அங்கேயேதான் நிப்பாரு. நீங்க எங்கிட்ட சொல்லுங்க. ஒரு நிமிஷத்துல முடியுமா?"

அவள் கை என் கையைப் பிடித்திருந்தது. மழைத்தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. "முடியும்" என்று சொல்லிவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்களே, அதுதான். என் கால் போதாதென்று டாக்டரின் காலையும் சேர்த்து விட்டேன்.

வெளியே வந்ததும் முதல் வேலையாகப் பெடல் என்னிடம் இருக்கும் என்று டாக்டரிடம் சொன்னேன். காலில் கிடக்கும் செருப்பைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னதுபோல விழித்தார். பெடல் இல்லாமல் எப்படிப் பார்ப்பது என்று இந்தியில் கெஞ்சினார். "எப்ப வேணுமோ கேளுங்க சார், நான் மிதிக்கிறேன்" என்றேன். ஸ்கேன் பார்க்கும் டாக்டர் லிஸியும் எங்களோடு சேர்ந்துகொண்டார். இதயத்தை எக்கோவில் பார்த்தபடியே அவர் வழி சொல்ல, கம்பியை அதன்படி நகர்த்துவது. எக்கோவில் கதிரே கிடையாது, ஒலி அலைதான். எக்ஸ்ரே நடுநடுவே ஒரு கண் சிமிட்டலுக்கு மட்டும். கதிர் விழும் சன்னலை உள்ளங்கை அகலத்துக்குச் சுருக்குவது, ஒரு நொடிக்கு எத்தனை படம் என்பதை இயந்திரம் அனுமதிக்கும் கடைசி எல்லை வரை இறக்குவது, பதிவு செய்தால் கதிர் கூடும் என்பதால் எதையும் பதிவு செய்யாமல் இருப்பது என்று நானும் என் பங்குக்குப் பட்டியல் போட்டேன்.

பிறகு ஒத்திகை. கதிர் இல்லாத வெறும் ஒத்திகைதான். மயங்கி விழும் பெண்ணை அதற்காகப் படுக்கவைக்க முடியாதே? "நான் படுக்குறேன்" என்று காதர் பாய் முன்வந்தார். ஒரு தலையணையை வயிற்றில் வைத்து, பேண்டேஜால் சுற்றிக் கட்டி, அவரைக் கர்ப்பிணி ஆக்கினோம். ஆறு மாதக் கர்ப்பிணி மல்லாந்து படுத்தால் பிள்ளையின் பாரம் முதுகுப்பக்கத்துப் பெரிய இரத்தக்குழாயை அமுக்கும். அதனால் வலது இடுப்புக்கு அடியில் அணை கொடுத்து இடப்பக்கம் சாய்க்க வேண்டும். அப்படிச் சாய்த்ததும், "எத்தனை மாசம் இப்படிப் படுக்கணும்?" என்று கேட்டார். நர்ஸுகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

டாக்டர் கோஷ் கற்பனைக் கம்பியை நகர்த்தியபடி, "தீதி, ஏக் பார், ப்ளீஸ், தீஜியே" என்று ஒரு தடவை தரச் சொல்லிக் கேட்பார். நான் பெடலைத் தட்டுவதுபோல் தட்டுவேன். "பஸ், பஸ், தன்யவாத்" என்று போதும் சொல்லி நன்றியும் சொல்வார். முதல் ஒத்திகையில் முப்பத்தோரு தடவை கேட்டார். மூன்றாவது ஒத்திகையில் ஒன்பது தடவை. மனிதனின் சுபாவம் அப்படித்தான். தன் காலில் இருக்கும் வரை கணக்கில்லாமல் எடுத்துக்கொள்வான். ஒவ்வொரு தடவையும் அடுத்தவரைக் கேட்டு நன்றியும் சொல்ல வேண்டுமென்றால், இது அவசியம்தானா என்று யோசிப்பான்.

கடைசியாகப் போர்வை. கதிர் கீழேயிருந்து வருவதால் ஈயத்தாளை மெத்தைக்கு அடியில், வயிறு வரும் இடத்தில் விரிக்க வேண்டும். அதனால் பெரிய லாபமில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். பிள்ளையை எட்டுவது தாயின் உடம்புக்குள்ளேயே சிதறும் கதிர். வெளியே விரித்த ஈயம் அதை எப்படித் தடுக்கும்? ஆனாலும் எல்லோரும் போடுவதை நான் மட்டும் போடாமல் விட்டு, நாளைக்கு ஏதாவது என்றால் யார் பதில் சொல்வது? இடுப்பு அணையைத் தொடக்கமாக வைத்து, காதர் பாயின் கடைசி விலா எலும்பு வரை அளந்து, தாளை விரித்து நாலு மூலையிலும் டேப் ஒட்டினேன். வேலை கச்சிதம். நானே நின்று ரசித்தேன்.

மறுநாள் காலை ரஹ்மத்தை அதே அணையில் சாய்த்துப் படுக்கவைத்தோம். தோள் மரத்துப்போக ஊசி போட்டார்கள். பச்சைத் துணிகள் போர்த்தப்பட்டன. கழுத்தெலும்புக்குக் கீழே கீறி, குழாயைக் கண்டுபிடித்து, கம்பியை உள்ளே விட்டாயிற்று. டாக்டர் கோஷ் முதல் தடவையாகக் கேட்டார். "தீதி, ஏக் பார், ப்ளீஸ், தீஜியே."

மிதித்தேன்.

திரையில் பாதி இருட்டு. கீழ்ப்பாதியில் நேர்க்கோடு போட்டதுபோல் ஒரு கறுப்பு. பக்கத்தில் கதிரின் அளவைக் காட்டும் எண்கள் மளமளவென்று ஏறின. இந்த இயந்திரத்துக்கு ஒரு புத்தி உண்டு. படம் இருட்டாக இருந்தால், நோயாளி ரொம்பப் பருமன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தானாகவே கதிரைக் கூட்டும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் ஓடவில்லை என்பதுதான் விபரீதம். அது பெடலிலேயே இருந்தது. இயந்திரம் கெட்டுவிட்டதா, சன்னல் அடைத்துக்கொண்டதா என்று திரையையே முறைத்துக்கொண்டு நிற்கிறேன். "பஸ், தீதி" என்கிறார் டாக்டர். "தீதி, பஸ். ப்ளீஸ், பஸ்." நாலாவது தடவை அந்த மகா மரியாதையான மனிதர், "தீதி, பேர் உட்டாவோ!" என்று கத்தினார். காலைத் தூக்கச் சொல்லி எட்டு வருடமாக நான் அவரிடம் கேட்டதை அவர் என்னிடம் கேட்டார். தூக்கினேன். இயந்திரம் ஏழு செகண்டு என்று காட்டியது.

அப்போதுதான் உறைத்தது. இடுப்பு அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் காதர் பாய் ஆறடி. ரஹ்மத் ஐந்தடிக்கும் கொஞ்சம் கம்மி. அவருக்கு விலா முடிகிற இடத்தில் அவளுக்கு இதயம் இருந்தது. பிள்ளையைக் காக்க நான் விரித்த ஈயம் கதிரின் வழியில் படுத்துக்கொண்டு, அதை இரண்டு மடங்காக வரவழைத்துக்கொண்டிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைக்கு இனிமேல் யாரும் வேறு உதாரணம் தேட வேண்டாம்.

மேலே துணிகளைத் தொடக் கூடாது. கால்மாட்டில் மண்டியிட்டு, மேசை ஓரமாகத் தலையை நுழைத்து, டேப்பைப் பிய்த்து, தாளை இழுத்தேன்.

"அக்கா, கீழ என்ன தேடுறீங்க?" என்றது மேலேயிருந்து ரஹ்மத்தின் குரல்.

"ஒண்ணுமில்லம்மா. போர்வை கொஞ்சம் மேல ஏறிருச்சு. எடுத்துர்றேன்."

"எடுங்க அக்கா. எனக்குக் குளிரல."

தாள் ஒரே இழுப்பில் வந்து, அதை மடியில் வைத்தபடி நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் லிஸி என்னைப் பார்க்காமலேயே எக்கோ திரையைப் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது.

அதற்குப் பிறகு ஈயமே இல்லாமல்தான் செய்தோம். லிஸி வழி சொன்னார், கோஷ் கம்பியைக் கெஞ்சினார், நான் பெடலைத் தொட்டுத் தொட்டு எடுத்தேன். கம்பியின் முனை இதயச் சுவரில் பிடித்ததும் மானிட்டரில் முப்பத்து நாலு எழுபதாயிற்று. முதலில் பேசியது ரஹ்மத்தான். "அக்கா, கால் சூடாகுது. ரொம்ப நாளா என் கால் சில்லுன்னே இருந்துச்சு." இயந்திரம் மொத்தம் ஐம்பத்து நாலு செகண்டு காட்டியது.

வெளியே காதர் பாய் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நிமிஷத்துக்குள்ளயா?" என்பதுதான். "உள்ளதான் பாய். ஆனா அதுல ஏழு செகண்டு கனமான செகண்டு. என் தப்பு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஏழு செகண்டும் சேர்ந்தாலும் பிள்ளையை எட்டியது மிகச் சொற்பம், இதைச் சொல்லவே தேவையில்லை என்று டாக்டர் கோஷ் என் முழங்கையைத் தொட்டார். அவர் சொன்னது உண்மை. ஆனால் வாக்கு கொடுத்தது அவர் இல்லை, நான். காதர் பாய் தன் உடம்பை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அப்ப தப்புல என் நீளமும் இருக்கு" என்றார். பேரம் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அவகிட்ட நீங்களே சொல்லிருங்க மேடம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சொன்னேன். ரஹ்மத் கடைசி வரை கேட்டாள். "புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" "ஆகாதும்மா." "நிச்சயமா தெரியுமா அக்கா?" "கணக்கு அப்படித்தான் சொல்லுது" என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நடந்ததை அப்படியே எழுதி அறிக்கையும் கொடுத்தேன். யாரும் முழுக்கப் படித்ததாகத் தெரியவில்லை. அதிலிருந்து போர்வை என்ற சொல் மட்டும் பிழைத்து, வருடக்கணக்கில் வளர்ந்து, என் கழுத்தில் மாலையாக விழுந்தது. ஆகவே குழுவில் இருக்கும் பிள்ளைகளே, புது வழிமுறை சொல்வது சரி. ஈயத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மூன்று மாதம் எனக்கு நல்ல தூக்கம் இல்லை. ரஹ்மத் பரிசோதனைக்கு வரும் நாட்களில் வராந்தாவில் எதிரே வருவாள். சலாம் சொல்வாள். நிற்க மாட்டாள். நான் அவள் வயிற்றைப் பார்ப்பதை அவளும் பார்ப்பாள்.

பெண் பிள்ளை பிறந்தது. அது அழுத அழுகை எக்ஸ்ரே அறை வரை கேட்டதாக நர்ஸுகள் சொன்னார்கள். நான் அன்று சாயங்காலம் வரை போகவில்லை. தைரியம் வரவில்லை என்பதுதான் நிஜம். டியூட்டி முடிந்ததும் போனேன். ரஹ்மத் பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். "அடடா, எவ்வளவு சின்னக் கை" என்று கொஞ்சுகிற சாக்கில் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

"எண்ணுங்க அக்கா" என்றாள் ரஹ்மத். "மறைச்சு மறைச்சு எதுக்கு? விளக்குப் பக்கம் திரும்பி நல்லாவே எண்ணுங்க. நான் ரெண்டு தடவை எண்ணிட்டேன். அவரு நாலு தடவை எண்ணிட்டு இப்பத்தான் டீ குடிக்கப் போனாரு."

"விரலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. ஆறு மாசத்துல விரலெல்லாம்..."

"தெரியும். நீங்கதான் சொன்னீங்க. எண்ணுங்க."

எண்ணினேன். கையில் பத்து. வலது காலில் ஐந்து. இடது காலுக்கு வரும்போது கண்ணை நீர் மறைத்து, எந்த விரலில் விட்டேன் என்று தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ரஹ்மத் அவசரப்படுத்தவில்லை.